டிரம் மேஜரைக் காட்டுங்கள்: அணிவகுப்பை நேரலையில் தருபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அணிவகுப்புகளை நேரலையில் காட்டும் இயக்குநர்களுக்கும், கேமராக் கலைஞர்களுக்கும், ஒலிப்பதிவாளர்களுக்கும், வர்ணனை எழுதுபவர்களுக்கும் வாசிப்பவர்களுக்கும்,

வணக்கம்.

நான் தென்மாவட்டப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியர். பள்ளி பேண்டுக்கும் நான்தான் பொறுப்பு. ஜனவரி 26 அன்று காலையில் கொடியேற்றம் முடிந்ததும் டிரம்களையும் பியூகிள்களையும் அறைக்குள் வைத்துவிட்டு, பேண்ட் பிள்ளைகளோடு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவேன். 29 மாலை டெல்லி விஜய் சௌக்கில் நடக்கும் பாசறை திரும்பும் நிகழ்ச்சியையும் விடுவதில்லை. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். கேட்பது ஒன்றே ஒன்று. பேண்ட் வரும்போது அதன் முன்னால் கோலோடு நடந்துவரும் டிரம் மேஜரை முழுதாகக் காட்டுங்கள். அவர் சைகை கொடுக்கும் நேரத்தில் படத்தை வெட்டாதீர்கள். அந்தச் சில விநாடிகள் பேசாமலும் இருங்கள்.

நாங்கள் பார்க்கும் நேரலைகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான். பேண்ட் நெருங்குகிறது. டிரம் மேஜரின் கை மேலே போகிறது. அதே நொடியில் படம் விருந்தினர் மேடைக்குத் தாவிவிடும். இல்லாவிட்டால் வானத்துக்கு. திரும்பி வரும்போது பேண்ட் நின்றிருக்கும், அல்லது வந்த திசைக்கு எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கும். அத்தனை பேரை வாய்திறக்காமல் திருப்பியது யார், எப்படித் திருப்பினார் என்பது வீட்டில் பார்த்துக்கொண்டிருப்பவருக்குக் கடைசிவரை தெரியாது. சீருடையின் அழகையும், மேஸ் எனப்படும் அந்தக் கோலின் வெள்ளிப் பளபளப்பையும் நெருக்கத்தில் காட்டுகிறீர்கள், அதற்கு நன்றி. ஆனால் மேஸ் அலங்காரப் பொருள் இல்லை. அது வேலை செய்கிற கருவி.

டிரம் மேஜரையும் பேண்ட் மாஸ்டரையும் பலர் ஒருவர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வர்ணனையிலும் சில சமயம் அந்தக் குழப்பம் வந்துவிடுகிறது. பேண்ட் ஓரிடத்தில் நின்று வாசித்தால், அவர்களுக்கு எதிரே நின்று கையசைப்பவர் பேண்ட் மாஸ்டர் அல்லது நடத்துநர். அவருக்கு முகங்கள் தெரியும், வாத்தியங்கள் தெரியும். பேண்ட் நடக்க ஆரம்பித்துவிட்டால் பொறுப்பு டிரம் மேஜருக்குப் போய்விடுகிறது. எப்போது கிளம்புவது, எந்த வேகம், எங்கே வளைவது, எங்கே திரும்புவது, எங்கே நிற்பது, எந்த இடத்தில் இசை ஓய்வது எல்லாம் அவர் கையில். இத்தனையையும் அவர் தன் ஆட்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செய்கிறார். பின்னால் திரும்பிப் பார்க்க முடியாது. தொண்டையைக் கிழித்துக் கத்தினாலும் பித்தளை வாத்தியங்களையும் டிரம்களையும் மீறிக் கேட்காது. கோல் மட்டும்தான் தெரியும்.

கண்ணால் பார்க்கும் சைகை ஏன் வேண்டும், காதால் கேட்டுச் சேர்ந்து வாசிக்கக் கூடாதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி. சுவாமி புறப்பாட்டில் நாயனக்காரரும் தவில்காரரும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறார்கள், அவர்களுக்குக் காது போதும். பெரிய பேண்டில் அது நடக்காது. ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். பல பேண்டுகள் சேர்ந்து நடக்கும்போது முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் 70 மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் அடித்த அடி பின்னால் போய்ச் சேர 0.2 விநாடி ஆகும். விரைவு நடையில் நிமிடத்துக்கு 120 காலடி என்றால் ஓரடிக்கு அரை விநாடிதான். பின்வரிசைக்காரர் காதை நம்பி வாசித்தால் ஓரடியில் ஐந்தில் இரண்டு பங்கு பிந்திவிடுவார். அவர் வாசித்தது முன்னால் திரும்பி வந்து சேர இன்னொரு 0.2 விநாடி. முன்வரிசைக்காரருக்கு அது கிட்டத்தட்ட ஒரு முழு அடி பிந்தியதாகக் கேட்கும். அவர் அதற்குக் காது கொடுத்துத் தன் வேகத்தைக் குறைத்தால் தொலைந்தது, பேண்ட் முழுவதும் இழுபட ஆரம்பித்துவிடும். மேஸ் இறங்குவது மட்டும் முன்னால் இருப்பவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் ஒரே நொடியில் தெரியும். அதனால்தான் கோல் அத்தனை நீளம், அதன் தலை அத்தனை பளிச்சென்று இருக்கிறது. ஏறத்தாழ 5 அடி நீளம், உச்சியில் வெள்ளிக் குமிழ், தண்டைச் சுற்றிச் சங்கிலி, நுனியில் உலோகப் பூண். தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்பது முதல் தேவை, அழகெல்லாம் அதற்குப் பிறகு வந்து சேர்ந்ததுதான்.

இதே கணக்கு உங்கள் ஒலிப்பதிவுக்கும் பொருந்தும். கேமரா 170 மீட்டருக்கு அப்பால் நின்று லென்ஸால் இழுத்துக் காட்டுகிறது, மைக்கும் அதன் பக்கத்திலேயே இருக்கிறது என்றால் ஒலி அரை விநாடி பிந்தி வரும். அரை விநாடி என்றால் சரியாக ஓரடி. பேஸ் டிரம்மின் கனத்த அடி இடது கால் ஊன்றும்போது விழ வேண்டும் என்பது பேண்டின் அரிச்சுவடி. வீட்டில் பார்ப்பவருக்கோ அது வலது காலில் விழுவதாகத் தெரியும். வீரர்கள் துல்லியமாக நடந்திருப்பார்கள், திரையில் அவர்கள் தாளம் தப்பியவர்களாகிவிடுவார்கள். மைக்கை பேண்ட் போகும் பாதையை ஒட்டி வைத்துவிட்டால், அல்லது படத்தை அந்த அளவு தாமதப்படுத்திவிட்டால் இது தீரும். உங்களுக்கு இது தெரியாததாக இருக்காது. ஆனாலும் நேரலையின் அவசரத்தில் விட்டுப்போவதைப் பார்க்கிறேன். எங்கள் பேஸ் டிரம் பையன் இதைப் பார்த்துவிட்டு, ராணுவ பேண்டே எதிர்க்காலில் அடிக்கிறதே சார் என்று கேட்டான். அவனுக்குக் கணக்கு போட்டுக் காட்ட வேண்டியிருந்தது.

இனி, நீங்கள் வெட்டிவிடும் அந்த விநாடிகளில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

மார்ச் இசை பெரும்பாலும் 16 தாளச் சுற்றுகள் கொண்ட பகுதிகளாக அமைந்திருக்கும். ஒரு சுற்றுக்கு இரண்டு அடி. ஆக ஒரு பகுதிக்கு 32 அடி, 16 விநாடி. ஒரு காலடி 30 அங்குலம் என்றால் அந்தப் பகுதி முடிவதற்குள் பேண்ட் 24 மீட்டருக்குச் சற்று அதிகமாக நகர்ந்திருக்கும். டிரம் மேஜர் குறிப்பிட்ட ஒரு கோட்டில் நிற்க வேண்டும், அதே அடியில் இசையும் ஒரு பகுதியின் முடிவில் ஓய வேண்டும். நடுவில் அறுந்தால் அசிங்கம். அதனால் அவர் நடக்கும்போதே தரையையும் பாட்டையும் சேர்த்து அளந்துகொண்டு வருகிறார். கோட்டுக்கு இன்னும் 30 மீட்டர் இருக்கிறது, பாட்டு இப்போது இரண்டாம் பகுதியின் பாதியில் இருக்கிறது, கால் எட்டைக் கொஞ்சம் குறுக்கலாமா, ஒரு பகுதியை இன்னொரு முறை வாசிக்க விடலாமா? இதையெல்லாம் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் முடிவு செய்கிறார். பிறகு மேஸ் தலைக்கு மேல் நிமிர்கிறது. அது எச்சரிக்கை. பேஸ் டிரம்காரர் அதைப் பார்த்ததும் வழக்கமான அடிகளுக்கு நடுவே இரட்டை அடி ஒன்றைக் கொடுக்கிறார். கோலைப் பார்க்கத் தவறியவருக்கும் செய்தி போய்ச் சேர அந்த இரட்டை அடி. மேஸ் இறங்குகிறது. அத்தனை வாத்தியங்களும் ஒரே நொடியில் அடங்குகின்றன. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி போனாலும் பார்ப்பவருக்குப் புரியாது. முதலில் கோல், பிறகு டிரம், பிறகு நிசப்தம். மூன்றையும் ஒரே படமாக, வெட்டாமல் காட்டினால் சின்னப் பிள்ளைக்கும் புரிந்துவிடும். ராணுவத்துக்கு ராணுவம் சைகையின் வடிவம் கொஞ்சம் மாறும். எச்சரிக்கை ஒன்று, செயல் ஒன்று என்ற ஒழுங்கு மட்டும் எங்கும் உண்டு.

அடுத்தது கவுண்டர் மார்ச். வந்த திசைக்கே திரும்பிப் போவது. பத்துப் பேர் என்றால் அப்படியே திரும்பிவிடலாம். பெரிய பேண்ட் அப்படித் திரும்பினால் முன்வரிசை பின்வரிசையாகிவிடும். முன்வரிசையில் பெரும்பாலும் டிராம்போன் இருக்கும், அதன் குழல் முன்னும் பின்னும் நீள இடம் வேண்டும் என்பதால். ஆகவே முன்வரிசை திரும்பி, வந்துகொண்டிருக்கும் வரிசைகளின் இடைவெளிக்குள்ளேயே புகுந்து போகிறது. அடுத்த வரிசையும் அதே இடத்துக்கு வந்ததும் திரும்புகிறது. சில விநாடிகளுக்கு ஒரே பேண்ட் இரண்டு திசைகளில், தனக்குள்ளேயே ஊடுருவி நடந்துகொண்டிருக்கும். இதற்கெல்லாம் முதலில் திரும்பி, நடுச்சந்து வழியே நேராக நடந்து வருபவர் டிரம் மேஜர். இதைப் பக்கவாட்டிலிருந்து காட்டினால் வெறும் நெரிசலாகத் தெரியும். உயரத்திலிருந்து ஒரு கேமரா, முன்னாலிருந்து ஒரு கேமரா. இரண்டே போதும்.

லண்டனில் மன்னரின் பிறந்தநாளுக்கு நடக்கும் ட்ரூப்பிங் த கலர் அணிவகுப்பில் ஸ்பின் வீல் என்று ஒன்று உண்டு. நூற்றுக்கணக்கான இசைக்காரர்கள் வாசித்தபடியே, சக்கரம் போலச் சுழன்று திசை மாறுவார்கள். இதை எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் எழுதிவைத்ததில்லை என்பார்கள். பழையவர்கள் புதியவர்களுக்குக் காட்டிக் காட்டியே வருகிறது. அந்த அணிவகுப்பில் டிரம் மேஜர்கள் ஸ்டேட் டிரெஸ் எனப்படும் பொன்னிழைக் கோட்டும், கருநீல வெல்வெட் தொப்பியும், வெள்ளைக் கணுக்கால் உறையும் அணிந்து முன்னால் வருவார்கள். 17ஆம் நூற்றாண்டின் இரண்டாம் சார்லஸ் காலத்து மரபு அது. இன்றும் அரச குடும்பத்தினர் முன்னிலையில் நடப்பது போன்ற சில நிகழ்ச்சிகளுக்கு மட்டுமே அதை எடுக்கிறார்கள்.

ஒருங்கிணைக்கும் ஆளும் முறையும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாற்றில் சாட்சி இருக்கிறது. 1854ல் கிரிமியப் போருக்குப் போன பிரிட்டிஷ் படை, இன்றைய இஸ்தான்புல் நகரின் ஒரு பகுதியான ஸ்கூட்டாரியில் விக்டோரியா ராணியின் பிறந்தநாளுக்கு அணிவகுத்தது. சுமார் 20 பேண்டுகள் ஒரே நேரத்தில் நாட்டுப் பண்ணை வாசித்தன. ஒவ்வொன்றும் வெவ்வேறு சுருதியில், வெவ்வேறு அமைப்பில். கூட்டாளி நாட்டுத் தளபதிகள் பார்த்துக்கொண்டிருக்க, அது பெரிய தலைக்குனிவாகிப் போனது. அதன் விளைவாகவே 1857ல் நெல்லர் ஹாலில் ராணுவ இசைப் பள்ளி தொடங்கப்பட்டது. நம் நாட்டில் விடுதலைக்குப் பிறகு, 1950ல், ஜெனரல் கரியப்பாவின் ஆதரவில் மத்தியப் பிரதேசத்தின் பச்மரியில் ராணுவ இசைப் பிரிவு அமைந்தது. இன்றுவரை நம் ராணுவ பேண்டுகளின் தாய்வீடு அதுதான். ஜனவரி 29ல் நீங்கள் காட்டும் நிகழ்ச்சிக்குப் பின்னால் அந்த மலைநகரத்துப் பயிற்சி இருக்கிறது.

டிரம் மேஜர் பதவிக்குக் கசப்பான பக்கமும் உண்டு. பழைய பிரிட்டிஷ் படையில் வீரர்களுக்குக் கசையடி கொடுத்தவர்கள் டிரம்மர்களே. டிரம் மேஜர் அதை மேற்பார்வை செய்ய வேண்டும். 1881ல்தான் அந்தத் தண்டனை ஒழிந்தது. போர்க்களத்தில் டிரம் என்பது செய்தி அனுப்பும் கருவியாக இருந்த காலம் அது. எழுவதற்கு ஓர் அடி, கூடுவதற்கு ஓர் அடி, பொழுது சாய்ந்தால் முகாமுக்குத் திரும்ப ஓர் அடி. டிரம்மர்களைப் பழக்கி, அந்த அடிகளில் பிழை வராமல் பார்த்துக்கொள்வது டிரம் மேஜரின் பொறுப்பு. இன்றும் அவர் தோளிலிருந்து குறுக்காக வரும் பட்டையில் இரண்டு குட்டி டிரம் குச்சிகள் செருகியிருப்பதைப் பார்க்கலாம். அவற்றால் யாரும் வாசிப்பதில்லை. அவர் எங்கிருந்து வந்தவர் என்பதன் அடையாளம் அது. பட்டையில் படைப்பிரிவின் சின்னமும், பல பிரிவுகளில் அது போரிட்ட களங்களின் பெயர்களும் தைத்திருக்கும். நெருக்கத்தில் காட்டுவதானால் அந்தக் குச்சிகளைக் காட்டுங்கள்.

இன்னொன்று. மேடையைக் கடக்கும்போது வாசித்துக்கொண்டிருப்பவர்கள் வாத்தியத்திலிருந்து கையை எடுத்துச் சல்யூட் அடிக்க முடியாது. அவர்கள் எல்லோருக்குமான மரியாதையையும் டிரம் மேஜர் ஒருவரே செலுத்துகிறார். அமெரிக்க ராணுவத்தில் குழலும் டிரம்மும் வாசிக்கும் ஓல்டு கார்டு ஃபைஃப் அண்ட் டிரம் படையில் டிரம் மேஜர் வலக்கையில் மேஸுக்குப் பதிலாக எஸ்பன்டூன் என்ற பழைய குறுவேலைப் பிடித்திருப்பார். கை ஒழியாததால் இடக்கையால் சல்யூட் அடிக்க அவருக்கு அனுமதி உண்டு. அந்த ராணுவத்தில் வேறு யாருக்கும் அது கிடையாது. இப்படி ஒருவர் பலருக்காகச் செய்யும் வணக்கம், அது நடக்கும் நொடியில் திரையில் இருக்க வேண்டும். மேடையில் அதை ஏற்பவரின் முகத்தை அடுத்த நொடியில் காட்டிக்கொள்ளலாமே.

வர்ணனையாளர்களிடம் தனியாகச் சில வார்த்தைகள். உங்கள் தமிழும் குரலும் எனக்குப் பிடிக்கும். நீங்கள் சொல்லித்தான் பல படைப்பிரிவுகளின் வரலாறு எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்தது. ஆனால் பேண்ட் கேமராவுக்கு எதிரே வந்து வாசிக்கும் அந்த அரை நிமிடம் பேச வேண்டிய நேரம் இல்லை. சொல்ல வேண்டியதை அது வருவதற்கு முன்பே சொல்லிவிடலாம். 2022 செப்டம்பரில் எலிசபெத் ராணியின் இறுதி ஊர்வலத்துக்கு முன்னால் ஸ்காட்லாந்து, அயர்லாந்து படைப்பிரிவுகள், கூர்க்கா படை, பிரிட்டிஷ் விமானப் படை ஆகியவற்றின் பைப் பேண்டுகள் (பேக்பைப் வாசிப்பவை) சுமார் 200 பேராகச் சென்றன. அதை ஒளிபரப்பியவர்கள் நீண்ட நேரம் வாயைத் திறக்கவே இல்லை. காலடிச் சத்தமும் டிரம்மும் தெளிவாகக் கேட்டன. உலகம் முழுக்கப் பார்த்தார்கள், யாருக்கும் ஒன்றும் குறைந்ததாகத் தெரியவில்லை.

முன்கூட்டிச் சொல்லவும் எவ்வளவோ இருக்கிறது. 2024 குடியரசு நாளில் பிரெஞ்சுப் படையினரோடு, வெளிநாட்டவர் சேரும் அவர்களது ஃபாரின் லீஜன் படையின் பேண்ட் டெல்லி கர்தவ்ய பாதையில் நடந்தது. அந்தப் படையின் நடை நிமிடத்துக்கு 88 அடிதான். மற்றவர்களின் 120க்குப் பக்கத்தில் அது மெதுவான நடை. பாரிஸ் அணிவகுப்பிலும் அந்த நடையாலேயே அவர்கள் தனித்துத் தெரிவார்கள். ரைஃபிள் படைப்பிரிவுகளுக்கோ நிமிடத்துக்கு 140 வரை போகும் வேகநடை மரபு. இந்த மூன்று எண்களை மட்டும் முன்னதாகச் சொல்லிவிட்டால், வீட்டில் இருப்பவர் வேறுபாட்டைத் தன் காலாலேயே தட்டிப் பார்த்துக்கொள்வார். எல்லைப் பாதுகாப்புப் படையின் ஒட்டக பேண்ட் 1990 முதல் வருகிறது. ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்தபடி வாசிப்பவர்களுக்கு யார், எப்படிச் சைகை கொடுக்கிறார் என்று ஒரு முறை காட்டிப் பாருங்கள், பிள்ளைகள் திரையைவிட்டு நகர மாட்டார்கள்.

பாசறை திரும்பும் நிகழ்ச்சிக்கு இது இன்னும் பொருந்தும். அங்கே நாயகமே இசைதான். முப்படைகளின் பேண்டுகளும் மத்திய ஆயுதப் படைகளின் பேண்டுகளும் ரைசினா குன்றின் சரிவில் இறங்கி வருகின்றன. டிரம்மர்கள் தனியாக வாசிக்கிறார்கள். பியூகிள் ஒலிக்கக் கொடிகள் இறங்குகின்றன. பேண்ட் மாஸ்டர் குடியரசுத் தலைவர் முன் போய், பேண்டுகளை அழைத்துச் செல்ல அனுமதி கேட்கிறார். 'சாரே ஜஹான் சே அச்சா' வாசித்தபடி எல்லோரும் திரும்பிப் போகிறார்கள். இதில் பாதி அசைவுகள் மேஸ் சொல்லித்தான் நடக்கின்றன. 2022ல் 1,000 டிரோன்கள் வானத்தில் ஒளிர்ந்தன. பார்க்க நன்றாகவே இருந்தது, குறை சொல்லவில்லை. டிரோன்களைக் காட்ட வேறு நாட்கள் கிடைக்கும். பல பேண்டுகள் ஒன்றாகச் சேர்ந்து ஓர் உடம்பாக நகர்வதைக் காட்ட ஆண்டில் அந்த ஒரு மாலைதான் இருக்கிறது.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்றால், எங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள்தான் வாத்தியார். வெலிங்டனில் 1758 முதல் வரலாறு கொண்ட மெட்ராஸ் ரெஜிமென்டின் மையம் இருக்கிறது. பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையத்தின் பரமேஸ்வரன் மைதானத்தில் பாசிங் அவுட் எனும் பயிற்சி நிறைவு அணிவகுப்பு நடக்கிறது. நீலகிரியிலும் சென்னையிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு ராணுவ பேண்டை நேரில் பார்க்க வாய்ப்பு கிடைக்கலாம். எங்கள் ஊரிலிருந்து இரண்டும் ஓர் இரவுப் பயணம். பள்ளி பேண்டுக்கென்று தனிப் பயிற்றுநர் வைக்கப் பெரும்பாலான பள்ளிகளிடம் பணம் கிடையாது. ஓய்வுபெற்ற ராணுவ பேண்ட்காரர் யாராவது பக்கத்து ஊரில் இருந்தால் அது அந்தப் பள்ளியின் அதிர்ஷ்டம். மற்றவர்கள் எல்லாம் என்.சி.சி.யில் கற்றுக்கொண்ட தேஜ் சல் (விரைந்து நட), கதம் தால் (நின்ற இடத்தில் கால் மிதி), தம் (நில்) என்ற இந்திக் கட்டளைகளை வைத்துக்கொண்டு, டிவியில் பார்த்ததைப் போட்டுப் பார்த்துப் பழகுகிறோம். வாத்தியங்களை மீரட்டின் ஜலி கோட்டிக் கடைகளிலிருந்து வரவழைத்துவிடலாம். டிரம் மேஜரை வரவழைக்க முடியாது.

எங்கள் பேண்டின் டிரம் மேஜர் பதினொன்றாம் வகுப்பு மாணவி. அவள் வைத்திருக்கும் மேஸ் உள்ளூர்த் தச்சர் கடைந்து கொடுத்தது, உச்சியில் பித்தளைக் குமிழ். அதைச் சுழற்றுவதை அவள் யூடியூபைப் பார்த்தே கற்றுக்கொண்டாள். தூக்கிப் போட்டுப் பிடிக்கும் வித்தைக்கு இணையத்தில் பஞ்சமே இல்லை. எந்த அடியில் கையை உயர்த்துவது, உயர்த்தியபின் எத்தனை அடி காத்திருப்பது, எந்தக் காலில் இறக்குவது என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியது. நேரலையை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறாள். கை உயர்கிறது, படம் மாறிவிடுகிறது. நல்ல இடத்தில் வெட்டிட்டாங்க சார் என்கிறாள். பிலானியின் பிர்லா பாலிகா வித்யாபீடப் பெண்கள் பேண்ட் பல ஆண்டுகளாகக் குடியரசு நாள் அணிவகுப்பில் நடக்கிறது. ஒன்றிய அரசின் தேசியப் பள்ளி பேண்ட் போட்டியில் பிராஸ் பேண்ட், பைப் பேண்ட் இரண்டிலும் பெண்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. அந்த இடத்துக்கு எங்கள் பிள்ளைகளும் போக வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். போவதற்கு வழி, முன்னால் போனவர்கள் செய்வதை ஒழுங்காகப் பார்ப்பது.

செலவு அதிகம் ஆகாத வேலை இது. புதுக் கேமரா வேண்டாம், இருப்பதை எப்போது எங்கே திருப்புவது என்பதுதான் விஷயம். ஜனவரி 23ல் முழுச் சீருடை ஒத்திகை நடக்கிறது. பாசறை திரும்பும் நிகழ்ச்சிக்கும் முந்தைய நாட்களில் ஒத்திகை உண்டு. அங்கே உங்கள் குழுவில் ஒருவர் ஒரு டிரம் மேஜரோடு பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும். எந்த இடத்தில் வளைவு, எந்த இடத்தில் கவுண்டர் மார்ச், எங்கே இசை ஓய்கிறது என்று அவர் சொல்லிவிடுவார். அதை உங்கள் நிகழ்ச்சி நிரலில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறி வரும்போது ஒரு பகுதி இசைக்கு, அதாவது 16 விநாடிக்கு, படம் அவரிடமே இருக்கட்டும். திரையின் கீழே அவர் பெயரையும் படைப்பிரிவையும் ஒரு வரி போடுங்கள்.

முடிந்தால் இன்னொன்றும். நேரலை முடிந்த பிறகு, வர்ணனை இல்லாமல் அந்த இடத்து ஒலியோடு மட்டும் பேண்ட் பகுதிகளைத் தனியாக இணையத்தில் ஏற்றி வையுங்கள். அதற்கான ஒலி உங்களிடம் எப்படியும் தனித் தடத்தில் பதிவாகித்தான் இருக்கும். அது எங்களைப் போன்ற பள்ளிகளுக்குப் பாடப் புத்தகமாகவே பயன்படும். வரும் ஆகஸ்ட் 15க்கு எங்கள் பயிற்சி ஜூலையில் தொடங்குகிறது. அதற்குள் ஒரு பதிவாவது கிடைத்தால் பிள்ளைகளுக்குப் போட்டுக்காட்டிவிடுவேன்.

நன்றியுடன்,
ஒரு பள்ளி பேண்டின் உடற்கல்வி ஆசிரியர்